படத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத இசை

"உங்களுக்கு ரொம்பப் பிடித்த சினிமா இசை எது? ஒரு படத்துக்கு இசை அவ்வளவு முக்கியமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊரில் சினிமா இசை என்றாலே பாட்டுதான் ஞாபகத்துக்கு வரும். பாட்டைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் கிடைப்பார்கள். நான் அதை ஓரமாக வைத்துவிட்டுப் பின்னணி இசையைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குப் பைத்தியம் அதில்தான். அது பிடித்த கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

1987-ல் கல்லூரி விடுமுறையின்போது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கேசட் பதிவுக் கடையில் வேலை பார்த்தேன். ஆட்கள் ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். காலி கேசட்டை வாங்கி, இசைத்தட்டிலிருந்து வரிசையாக ஏற்றிக் கொடுக்க வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டா தொண்ணூறா என்று பார்த்து, ஒரு பக்கம் முடியும் இடத்தில் பாட்டு பாதியில் அறுந்து போகாமல் கணக்குப் போடுவதுதான் அந்த வேலையில் இருந்த ஒரே திறமை. காப்புரிமை என்ற சொல்லை எங்கள் தெருவில் அப்போது யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் பாளையங்கோட்டையில் படிக்கும் பையன் ஒருவன் வந்தான். கையில் தாள் இல்லை. "அண்ணே, மௌன ராகத்துல கார்த்திக் வரும்போது ஒரு மியூசிக் வரும்லா, அது மட்டும் வேணும்" என்றான். எங்களிடம் இருந்த இசைத்தட்டைப் போட்டுப் பார்த்தேன். பாட்டுகள் இருந்தன, அவன் கேட்டது இல்லை. கடைக்கார அண்ணாச்சி கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அதெல்லாம் கேசட்டுல வராதுடே. தியேட்டர்ல போய்த்தான் கேக்கணும்."

அந்த வாரத்திலேயே இன்னும் நான்கு பேர் அதையே கேட்டு வந்தார்கள். அண்ணாச்சி வியாபாரி ஆயிற்றே. ஒரு வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்தார், படத்தின் வீடியோ கேசட்டையும் எடுத்தார், பின்பக்கம் ஒயரைச் செருகி அந்தப் பகுதியை அப்படியே டேப்பில் ஏற்றச் சொன்னார். இசை மட்டும் தனியாகவா வரும்? "மிஸ்டர் சந்திரமௌலி" என்று கார்த்திக் கூப்பிடுவதும், ரேவதியின் குரலும், காபிக் கடை இரைச்சலும் எல்லாம் சேர்ந்தே ஏறின. வாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. அந்த மாதம் கடையில் அதிகம் ஓடிய சரக்கு அதுதான்.

கம்பெனிக்காரர்கள் விற்பதற்கு லாயக்கில்லை என்று விட்டுவிட்ட ஒன்றைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய ஆச்சரியம். வீட்டுக்குப் போய் யோசித்தபோது இன்னொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை மதியம் வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். முழுப் படத்தின் ஒலியைச் சுருக்கி ஒரு மணி நேரம். படம் பார்க்காமலே படம் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். யாரோ நடந்து வரும் சத்தம், பிறகு பேச்சே இல்லாமல் வயலின். அந்த இடத்தில் திரையில் என்ன நடக்கிறது என்று அம்மாவிடம் கேட்பேன். "என்னமோ கெட்டது நடக்கப்போகுது போல" என்பாள். அவளும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் சரியாகச் சொல்லிவிடுவாள்.

இனி கேள்விக்கு வருகிறேன். படத்தின் பின்னணி இசைக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. படத்துக்குள் இருக்கும் ஒருவருக்கும் அது கேட்காது. கதாநாயகன் அழுகிறான், பின்னால் நூறு வயலின் வாசிக்கிறது, அவன் காதில் ஒன்றும் விழவில்லை. நமக்கு மட்டும்தான் விழுகிறது. இசையமைப்பாளர் கதாபாத்திரங்களுக்குத் தெரியாமல் நம் காதோடு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் என்ன சொல்கிறார், எப்போது சொல்கிறார், எப்போது வாயை மூடிக்கொள்கிறார் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். எனக்குப் பிடித்த எல்லாமே இந்த ரகசியத்தை நன்றாகக் கையாண்டவைதான்.

முதலில் வருவது 'தளபதி'. 1991 தீபாவளிக்கு வந்தது, மணிரத்னம் இயக்கியது, கர்ணன் கதை. ஒரு சின்னப் பெண் குழந்தையைப் பெற்று, என்ன செய்வதென்று தெரியாமல் சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். கறுப்பு வெள்ளையில் வரும் இந்தத் தொடக்கத்திலேயே இளையராஜா இரண்டு விஷயங்களை நம் காதில் போட்டுவிடுகிறார். ஒன்று ரயிலின் சத்தம், இன்னொன்று ஜானகி பாடும் 'சின்னத் தாயவள்' மெட்டு. குழந்தை வளர்ந்து ரஜினி ஆகிறது. அந்தப் பெண் வேறொருவரை மணந்து, இன்னொரு பிள்ளை பெற்று, ஸ்ரீவித்யா ஆகிறாள். கதை எங்கெங்கோ போகிறது, ரவுடி, கலெக்டர், மம்மூட்டி, சண்டை என்று. ஆனால் எங்காவது ஒரு ரயில் கூவினால் ஸ்ரீவித்யாவின் முகம் மாறிவிடும். அப்போது அந்த மெட்டு மெல்ல எட்டிப்பார்க்கும்.

கோயிலில் ஒரு காட்சி. அம்மாவும் அங்கே இருக்கிறாள், மகனும் அங்கே இருக்கிறான். ஒருவருக்கொருவர் யாரென்று தெரியாது. தூரத்தில் ரயில் போகிறது. அந்தச் சத்தம் இரண்டு பேரையுமே ஏதோ செய்கிறது, ஏனென்று அவர்களுக்கே தெரியாது. மெட்டு வருகிறது. திரையில் இருப்பவர்களுக்குத் தெரியாதது இசைக்குத் தெரியும், அதனால் நமக்கும் தெரியும். "அட, திரும்பிப் பாரேன்" என்று தியேட்டரில் என் பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா முணுமுணுத்தார். வசனத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரை அப்படிச் சொல்ல வைத்தது ஒரு மெட்டும் ரயில் சத்தமும்தான்.

இதைத்தான் மேல்நாட்டு ஓபராவில் தொடங்கி, ஒரு ஆளுக்கோ உணர்வுக்கோ ஒரு மெட்டைக் கட்டிவைத்துத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் உத்தி என்கிறார்கள். உத்தி பழையதுதான், யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஹீரோ வரும்போதெல்லாம் ஒரே டியூனை அடித்தால் அதுவும் இதே கணக்கில்தான் சேரும். ஆனால் அது வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவது மாதிரி. வந்திருப்பது யார் என்பதை நாம்தான் கண்ணால் பார்க்கிறோமே, அதை மறுபடி சொல்வானேன்? 'தளபதி'யில் மெட்டு சொல்வது திரையில் இல்லாத ஒருவரைப் பற்றி. அம்மா தனியாக இருக்கும்போது மகனைப் பற்றிச் சொல்கிறது, மகன் தனியாக இருக்கும்போது அம்மாவைப் பற்றிச் சொல்கிறது.

'நாயகன்' (1987) இன்னொரு விதம். 'தென்பாண்டிச் சீமையிலே' ஒரு தாலாட்டு மாதிரி தொடங்குகிறது. ஊரைவிட்டு ஓடிவரும் சிறுவன் வேலுவுக்கு அது ஆறுதல். புலமைப்பித்தன் எழுதிய அந்த நாலு வரியில் ஒரு கேள்வி இருக்கிறது: யார் அடித்தது? படம் முழுக்க அந்த மெட்டு வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு வாத்தியத்தில், ராஜாவின் குரலிலும் கமலின் குரலிலும் திரும்பி வருகிறது. சிறுவனுக்குப் பாடும்போது அது பரிதாபமான கேள்வி. அவனே வளர்ந்து ஊரையே அடிக்கும் ஆளாக ஆன பிறகு அதே மெட்டு வரும்போது, கேள்வி அவனைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. மெட்டு மாறவில்லை, ஆள் மாறிவிட்டான். பேரன் "நீங்க நல்லவரா கெட்டவரா?" என்று கடைசியில் கேட்பதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அந்தக் கேள்வியை இசை அதற்கு முன்பே பலமுறை கேட்டுவிட்டது என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில், இதெல்லாம் எப்படிச் செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் இதை ரீ-ரெக்கார்டிங் என்பார்கள், சுருக்கமாக ஆர்.ஆர். படப்பிடிப்பு, எடிட்டிங், டப்பிங் எல்லாம் முடிந்து கடைசியில் வருவது. படம் ஃபிலிமில் ஓடிய காலத்தில் ரீல் ரீலாகப் பார்ப்பார்கள். ஆயிரம் அடி ரீல் என்றால் ஏறக்குறைய 11 நிமிடம். அடிக்குப் பதினாறு ஃபிரேம், வினாடிக்கு 24 ஃபிரேம். இரண்டரை மணி நேரப் படத்துக்குப் பதினான்கு ரீல் வரும். இசையமைப்பாளர் ஒரு ரீலைப் போட்டுப் பார்ப்பார், குறிப்பு எடுப்பார், எழுதுவார். அவர் எழுதியதை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து எழுதிக் கொடுக்க ஆட்கள் இருப்பார்கள். பிறகு ரீலைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்து எண்ணிக்கொண்டே வாசிப்பார்கள். கதவு மூடும் இடத்தில் செல்லோ நிற்க வேண்டுமென்றால் கதவு மூடும் அதே கணத்தில் நிற்க வேண்டும். ஒருவர் பிசகினாலும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து.

இந்த வேலைக்குப் பெரும்பாலும் நேரமே இருக்காது. ரிலீஸ் தேதி போஸ்டரில் ஒட்டியிருக்கும். பணமும் நாளும் முன்னாடியே தீர்ந்திருக்கும். அந்த அவசரத்தில்தான் இளையராஜாவின் கை பேர் வாங்கியது. ரீலைப் பார்த்து முடித்ததும் ஆர்மோனியம்கூட இல்லாமல் நேரே தாளில் ஸ்வரக் குறிப்புகளை எழுதுவார். பண்ணைப்புரத்திலிருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை எழுதக் கற்று, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். 1976-ல் 'அன்னக்கிளி' வரும்போதே எழுத்து கைவந்திருந்தது. வாசிப்பவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. வயலினுக்கு வி.எஸ். நரசிம்மன், கிடாருக்கு சதானந்தம், கீபோர்டுக்கு விஜி மானுவல், புல்லாங்குழலுக்கு அருண்மொழி என்ற நெப்போலியன். வாத்தியக்காரர்கள் என்று இந்தப் பெயர்கள் சினிமாக் கேசட் உறையில் அச்சாவது அபூர்வம். எங்கள் கடைக்கு வந்து அந்த இசையைக் கேட்ட பையனுக்கும் இவர்களில் ஒருவரைக்கூடத் தெரிந்திருக்காது.

அரசாங்கத்துக்கும் இது தனி வேலை என்று தெரிய நாளாயிற்று. ஆஸ்கரில் 1934-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே பாட்டுக்குத் தனி விருது, பின்னணி இசைக்குத் தனி விருது. நம் தேசிய விருதில் 1994-ஆம் ஆண்டுப் படங்களுக்கு ஒருமுறை தனியாகக் கொடுத்துவிட்டு விட்டுவிட்டார்கள், பின்னணி இசையை நிலையாகப் பிரித்தது 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். அப்படிப் பிரித்த பிறகு முதலில் அதை வாங்கியது இளையராஜாதான், மலையாளத்தில் வந்த 'பழசிராஜா'வுக்காக.

ராஜாவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று சிலர் பேசுவார்கள், அது அநியாயம். 1954-லேயே வீணை எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' என்று பாட்டே இல்லாமல் ஒரு படம் எடுத்தார். சிவாஜி நடித்தது, ஏ.வி.எம். தயாரிப்பு. ஒரு படத்தில் குறைந்தது பத்துப் பாட்டாவது வேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்த்த காலம் அது. வீணை வித்வானாகப் பெயர் எடுத்த ஒருவர்தான் பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். இசை தெரிந்தவருக்குத்தான் எங்கே வேண்டாம் என்பதும் தெரியும்.

சரி, தமிழை விட்டு வெளியே போவோம். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955). ரவிசங்கர் இசை. அவர் அப்போது ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்ததால் முழுப் படத்தைக்கூடப் பார்க்கவில்லை, பாதியைப் பார்த்துவிட்டு ஒரே இரவில், ஏறக்குறைய 11 மணி நேரத்தில், இசையை வாசித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விட்டுப்போன சில இடங்களில் படத்தின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவே சித்தார் வாசித்து நிரப்பினார். கேட்டால் ஏதோ கல்லூரி நாடகம் நடத்தியது போல இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் ஒரு நிமிடம் இருக்கிறது, நான் அதைப் பற்றிப் பேசாத வருஷமே கிடையாது.

அப்பா ஹரிஹர் பல மாதம் கழித்து வெளியூரிலிருந்து வீடு திரும்புகிறார். புயலில் வீடு இடிந்து கிடக்கிறது. மகள் துர்கா இறந்துபோனது அவருக்குத் தெரியாது. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறார். அவள் பேசாமல் நிற்கிறாள். துர்காவுக்காக வாங்கிய புடவையை எடுத்துக் கொடுக்கிறார். அதைக் கையில் வாங்கியதும் அவள் உடைந்து போகிறாள். வாய் திறக்கிறது, அழுகிறாள். அந்த அழுகைச் சத்தம் நமக்குக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக தார் ஷெனாய் என்ற வாத்தியம் உச்சஸ்தாயியில் வீறிடுகிறது. எஸ்ராஜ் மாதிரி வில்லால் இழுக்கும் கருவி, கிராமபோன் குழல் போல ஒன்றைப் பொருத்தியிருப்பதால் ஷெனாய் போலச் சத்தம் வரும். நடிகையின் அழுகைக் குரலை எடுத்துவிட்டு இதை வைத்தது ராயின் முடிவு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் படங்களில் அழுகை வந்தால் அழுகையும் இருக்கும், அதன் மேல் வயலினும் இருக்கும், அதற்கும் மேலே கோரஸும் இருக்கும். மூன்றும் ஒன்றையே சொல்லும். ராய் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் இன்னொன்றை வைத்தார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் அழுகையை எந்த நடிகையாலும் முழுதாக அழ முடியாது, அழுதாலும் நாம் அதைத் 'நடிப்பு' என்று எடைபோட ஆரம்பித்துவிடுவோம். வாத்தியத்தை அப்படி எடைபோட முடியாது.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) என்றதும் எல்லோரும் குளியலறைக் கொலையைச் சொல்வார்கள். வீல் வீல் என்று கத்தும் வயலின்கள். அந்த இடத்துக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் எழுதி வாசித்துக் காட்டினார், இயக்குநர் மனதை மாற்றிக்கொண்டார். நல்ல கதைதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதற்கு முன்னால் வரும் கார் பயணம். மேரியன் 40,000 டாலரைத் திருடிக்கொண்டு காரில் போகிறாள். திரையில் பார்த்தால் ஒரு பெண் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்க்கிறாள், அவ்வளவுதான். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள், கடைக்குப் போகிறாளோ என்று தோன்றும். சத்தத்தை வைத்தால் நமக்கே வியர்க்கும். படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ஒரே நிறத்தில் இசை.

அதே ஹிட்ச்காக்கும் அதே ஹெர்மனும் மூன்று வருடம் கழித்து 'தி பேர்ட்ஸ்' செய்தார்கள். அதில் பின்னணி இசை என்று ஒன்றுமே கிடையாது, மின்னணுக் கருவியில் செய்த பறவைச் சத்தம் மட்டும். ஹெர்மன் ஒலி ஆலோசகராக உட்கார்ந்திருந்தார். இசையமைப்பாளரைக் கூப்பிட்டு இசை போடாமல் இருக்கச் சொல்லிச் சம்பளம் கொடுப்பது எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

'ஜாஸ்' (1975) பற்றி ஒன்றே ஒன்று. ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு ஸ்வரங்கள் உலகத்துக்கே தெரியும். சுறா கண்ணில் படுவதற்கு முன்னால் அந்த இசை வந்துவிடும். ஆனால் படத்தின் நடுவில் இரண்டு பையன்கள் அட்டையில் சுறாத் துடுப்பு செய்து மாட்டிக்கொண்டு நீந்தி ஊரையே அலற வைப்பார்கள். அப்போது அந்த இசை வராது. கடற்கரையில் எல்லோரும் ஓடுகிறார்கள், இசை மட்டும் சும்மா இருக்கிறது. கவனித்துக் கேட்டவனுக்கு இது பொய்ச் சுறா என்று அப்போதே தெரிந்துவிடும். இசை நம்மிடம் பொய் சொல்லாது என்று ஒரு ஒப்பந்தம் போட்டு, அதை அந்த இடத்தில் காப்பாற்றினார்கள்.

இத்தாலிக்காரர் எனியோ மோரிகோனே சில படங்களுக்குப் படப்பிடிப்புக்கு முன்பே இசையை எழுதிக் கொடுத்திருக்கிறார். செர்ஜியோ லியோனே அதைப் படப்பிடிப்பில் ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்கச் சொல்வார். நமக்கு இது புதுசில்லை. நாக்ரா டேப்பில் பாட்டை ஓடவிட்டு, மரத்தைச் சுற்றி எத்தனை பேரை ஆட வைத்திருக்கிறோம்! தலைகீழாக நடந்த கதையும் நம்மிடம் உண்டு. 'ஹே ராம்' (2000) படத்துக்கு முதலில் எல். சுப்ரமணியம் பாடல்கள் அமைத்து, காட்சிகளும் எடுத்தாகிவிட்டது. பிறகு அவர் விலக, இளையராஜா வந்தார். எடுத்த காட்சிகளை மறுபடி எடுக்கவில்லை. நடிகர்களின் வாயசைவுக்கும் கையசைவுக்கும் பொருந்துகிற மாதிரி புதிய பாடல்களை எழுதிவிட்டார். சட்டை தைத்த பிறகு அதற்குப் பொருந்தும் ஆளைச் செய்வது மாதிரி. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

'வீடு' (1988) படத்தையும் சொல்லாமல் விட முடியாது. பாலு மகேந்திரா எடுத்தது, பாட்டு கிடையாது. இளையராஜா 1986-ல் தனியாக வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து இசையை எடுத்துப் பயன்படுத்தினார்கள். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டி நிற்கும் வீட்டைப் பார்க்கத் தனியாகப் போவார். சுவரைத் தடவிப் பார்ப்பார், வாசல் வழியாக உள்ளே போவார், மேலே பார்ப்பார். பேச்சு எதற்கு? ரீலைப் பார்த்து அளந்து எழுதாத இசை படத்துக்கு இவ்வளவு பொருந்துகிறதே, அப்புறம் நான் மேலே சொன்ன ஃபிரேம் கணக்கெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் பாலு மகேந்திராவேதான். இசை படத்தை அளக்காவிட்டால் படம் இசையை அளக்க வேண்டும். யாராவது ஒருவர் மற்றவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

2013-ல் மிஷ்கின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' எடுத்தபோது அதிலும் பாட்டில்லை. டைட்டிலில் 'பின்னணி இசை' என்று போடாமல் 'முன்னணி இசை: இளையராஜா' என்று போட்டார். தியேட்டரில் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு யோசித்தபோது எனக்கு அதில் அரைச் சம்மதம்தான். மரியாதை புரிகிறது. ஆனால் பின்னால் இருப்பதுதான் அதன் பலம். முன்னால் வந்து நின்றுவிட்டால் ரகசியம் சொல்ல முடியாது.

இப்போது வரும் பல படங்களில் எனக்கு இருக்கும் மனத்தாங்கலும் இதுதான். பெயர் சொல்லி வம்பை விலைக்கு வாங்க விருப்பமில்லை. ஹீரோ கார் கதவைத் திறந்தால் இடி, காலைக் கீழே வைத்தால் இடி, கண்ணாடியைக் கழற்றினால் இடி. இரண்டரை மணி நேரமும் நிறுத்தாமல் ஓடுகிறது. கத்திக்கொண்டே இருப்பவன் எதைச் சொன்னாலும் ஒன்றுதான். பாவம், அதைச் செய்யும் பையன்கள் கெட்டிக்காரர்கள். தனியாக ஹெட்போனில் கேட்டால் ஒலியை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். நிறுத்து என்று சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

எல்லோரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஏ.ஆர். ரஹ்மான் 'பம்பாய்' (1995) பாடல் கேசட்டிலேயே வாத்திய இசையைத் தனியாக ஒரு உருப்படியாகச் சேர்த்திருந்தார். புல்லாங்குழலில் தொடங்கும் அந்தத் தீம். எங்கள் அண்ணாச்சி கடை அதற்குள் மூடியாகிவிட்டது, இல்லையென்றால் அவர் நிம்மதியாக விற்றிருப்பார், வீடியோ டெக் வாடகை மிச்சம்.

'96' (2018) படத்தில் கோவிந்த் வசந்தாவின் வயலின் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறொரு இடம். பள்ளியில் படிக்கும்போது ராம், ஜானுவை 'யமுனை ஆற்றிலே' பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பான். அவள் வேண்டுமென்றே மற்ற பாட்டையெல்லாம் பாடுவாள், அதை மட்டும் பாட மாட்டாள். இருபத்து இரண்டு வருடம் கழித்து அவன் வீட்டில் இருக்கும்போது கரண்ட் போகிறது. இருட்டில் அவள் அதைப் பாட ஆரம்பிக்கிறாள். அவன் விளக்கைத் தேடிப் பதறி ஓடி வருகிறான். 'தளபதி'யில் வரும் பாட்டு அது. எல்லாப் படத்திலும் நமக்கு மட்டும் கேட்கும் சங்கதி, இங்கே அந்த ஆளுக்கும் கேட்டுவிடுகிறது. அதனால்தான் அப்படிப் பதறுகிறான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு வழி இருக்கிறது. தெரிந்த படம் ஒன்றில் பிடித்த காட்சியை எடுத்து, முதலில் சத்தமில்லாமல் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மூன்றாவது தடவை இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது இசை எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். வசனத்துக்கு முன்னாலா, பின்னாலா, நடுவிலா? பெரும்பாலும் நீங்கள் நினைத்த இடத்தில் இருக்காது. அழும் இடத்தில் தொடங்கும் என்று நினைத்திருப்பீர்கள், அழுது முடித்துக் கண்ணைத் துடைக்கும் இடத்தில் தொடங்கும்.

மௌன ராகம் இசை இப்போது யூடியூபில் சுத்தமாகக் கிடைக்கிறது. பேச்சில்லாமல், இரைச்சலில்லாமல், யாரோ உட்கார்ந்து பிரித்தெடுத்துப் போட்டிருக்கிறார்கள். நடுவில் கொஞ்ச காலம் பாதிப் பேர் செல்போனில் அதுதான் ரிங்டோனாக இருந்தது. நானும் அவ்வப்போது போட்டுக் கேட்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது, "மிஸ்டர் சந்திரமௌலி" என்று குரல் வரும் என்று காத்திருக்கிறேன். வருவதில்லை.